குளத்துக்கு மேலே வாணம் விட வேண்டாம்

மகனுக்கு,

உன் கடிதம் வந்து பதினொரு நாள் ஆகிறது. நீ கேட்ட காரியத்துக்கு அரை மணி நேரம் போதும். குளத்துக் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். அவர்கள் வீட்டு மாடுகளுக்கு நான் மருந்து புகட்டியிருக்கிறேன். போய் அனுமதி கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஆனாலும் போகவில்லை. ஆவணியில் உன் கல்யாணம், மண்டபம் குளத்தங்கரையிலேயே இருக்கிறது, மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் குளத்து நடுவில் டிரம்களை மிதக்கவிட்டு வாணம் விடலாம், நீ சின்னப் பையனாக இருந்தபோது நாங்கள் செய்தது மாதிரியே செய்யலாம் என்று ஆசையாக எழுதியிருக்கிறாய். கடைசியில் 'தண்ணீருக்கு மேலே என்றால் யாருக்கும் ஆபத்து இல்லை அப்பா' என்று ஒரு வரி. அந்த வரி உன்னுடையது இல்லையப்பா. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கோயில் மண்டபத்தில் எழுந்து நின்று நான் சொன்னது அது, ஒரு சொல் மாறவில்லை.

வேண்டாம் என்று ஒரு கார்டில் இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாம். நீ ஏன் என்று கேட்பாய். கிழவனுக்குப் பயம் என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாய். அதுகூடப் பரவாயில்லை. காரணத்தைச் சொல்லாமல் தடுத்தால் இன்னொரு தடவை மறைத்தவன் ஆவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதையைச் சொல்லிச் சிரிக்கிறோம். நான் இரண்டு மாடுகளையும் ஒரு மனிதனையும் மறைத்தேன். இதைப் படித்து முடித்தபின் உனக்கு என்மேல் என்ன மரியாதை மிஞ்சுமோ தெரியவில்லை. உன் கல்யாணத்தையும் இது தொடலாம். அதனால் பொறுமையாகப் படி.

அந்த வருஷத்துக்கு முந்தின அம்மன் கொடைத் திருவிழாவில் ஒரு ராக்கெட் சாய்ந்து போய் ஒரு வைக்கோல் படப்பில் விழுந்தது. படப்பு எரிந்து, பக்கத்து ஓலைக்கூரை பற்றி, விடிய விடியக் குடம் சுமந்தோம். அடுத்த வருஷம் கொடைக்குக் கூட்டம் போட்டபோது பெரியவர்கள் வாணமே வேண்டாம் என்றார்கள். அம்மனுக்கு வாணம் இல்லாமல் என்ன கொடை என்று இளவட்டங்கள் கத்தினார்கள். அப்போதுதான் நான் எழுந்தேன். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர், கவர்மெண்ட் உத்தியோகம், நாலு எழுத்துப் படித்தவன். குளத்து நடுவில் வைத்து விடுவோம், விழுகிறதெல்லாம் தண்ணீரில் விழட்டும், தண்ணீருக்கு என்ன ஆகப் போகிறது, தண்ணீருக்கு மேலே என்றால் யாருக்கும் ஆபத்து இல்லை என்றேன். கூட்டமே தலையை ஆட்டியது. கம்பவுண்டர் மூளையே மூளை என்று ஒருவர் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் அதை மூன்று தடவை சொல்லிக் காட்டினேன்.

பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு குற்றாலத்தில் சாரல் ஆவணி வரைக்கும் இழுத்துவிட்டது. சிற்றாற்றுத் தண்ணீர் வந்து குளம் விளிம்பு வரைக்கும் நின்றது. இருட்டினதும் முதல் வாணம் ஏறியது. மேலே ஒன்று, தண்ணீருக்குள் ஒன்று என்று இரண்டு இரண்டாகப் பூத்தன. நீ என் தோளில் உட்கார்ந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, 'அப்பா, கொளத்துக்குள்ளயும் வெடிக்கி, கொளத்துக்குள்ளயும் வெடிக்கி' என்று கத்தினாய். குளத்தின் தென்கோடிக் கருவேல மரங்களில் அடைந்திருந்த நீர்க்காக்கைகளும் கொக்குகளும் எழும்பி, எங்கே போவது என்று தெரியாமல் நம் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தன. அதையும் வேடிக்கை என்றுதான் பார்த்தோம். அந்தச் சத்தத்தில் அவை கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பாதி வேடிக்கையில் சாரல் பிடித்துக்கொண்டது. டிரம் மேல் இருந்த சரக்கில் நல்ல பங்கு நனைந்துபோய் வெடிக்காமல் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் வாணக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது என்னிடம் வந்தார். மீதிச் சரக்கு இரண்டு சாக்கு இருந்தது. நனைந்ததை அவர் வண்டியில் ஏற்ற மாட்டார். 'கம்பவுண்டர் சார், மேட்டுல ஆழமாக் குழி தோண்டிப் பொதைச்சிருங்க. ஆடு மாடு வாய வைக்காத எடமாப் பாத்துக்கிடுங்க' என்று இரண்டு தடவை சொன்னார். நான் தோண்டவில்லை. சாக்கை வீட்டுக்குக் கொண்டுபோகப் பயம், கண்டதையெல்லாம் தொட்டுப் பார்க்கிற வயது உனக்கு. மேட்டில் தோண்டச் சோம்பல், ராத்திரி முழுக்கக் கொடை வேலை. மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்குகிற துறைக்குப் பக்கத்தில், நாலைந்து குடம் தண்ணீர் தேங்கி நிற்கிற பள்ளம் ஒன்று இருந்தது. வாணங்களையெல்லாம் உடைத்து, கரியும் வெடியுப்புமாக அந்தப் பள்ளத்தில் கொட்டிக் குச்சியால் கிண்டிவிட்டேன். தண்ணீர் பட்டால் மருந்து செத்துப்போகும், இனி வெடிக்காது, பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை. அவ்வளவுதான் யோசித்தேன். காலிச் சாக்கை அலசிக் கரையில் காயப் போட்டுவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு குளித்துவிட்டு வந்தேன்.

வேலம்மாளை உனக்குத் தெரியும். புருஷன் இல்லாத வீட்டில் இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு, சீசன் காலத்தில் குற்றாலத்து டீக்கடைகளுக்குப் பால் ஊற்றி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். ஒன்று செவலை, ஒன்று மயிலை. மயிலை சினை. பதினோரு மணி இருக்கும், ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று கத்தினாள். 'அண்ணாச்சி, ஓடி வாங்க! செவலை அங்கன தொறைக்கிட்ட விழுந்து கெடக்கு, எந்திரிக்க மாட்டேங்கு. மயிலையும் தள்ளாடுது.' டாக்டர் கடையத்தில் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் போகும்போதே செவலை மூச்சை விட்டுவிட்டது. மயிலை காலை அகட்டி நின்று, வாயைத் திறந்து இழுத்துக்கொண்டிருந்தது. காதோரத்தில் ஊசியால் குத்தினேன். வந்த ரத்தம் சிவப்பாக இல்லை, காப்பி டிகாஷன் மாதிரி இருந்தது.

அந்த நிறத்தை அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கிழிந்த உர மூட்டையை நக்கிய ஒரு காளையின் ரத்தத்தை டாக்டர் எனக்குக் காட்டி, 'உப்பு விஷம்யா, பாத்துக்கோ' என்று சொல்லிக்கொடுத்தார். மாட்டுக்கு உப்பு என்றால் உயிர். பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தேன். விளிம்பெல்லாம் நக்கின தடம். உரத்தில் இருக்கிற அதே உப்புதான் வாணத்திலும் இருக்கிறது. அதற்கு மருந்து உண்டு. நீலத்தூள் என்று சொல்வோம், கரைத்து நரம்பில் ஏற்ற வேண்டும். காளைக்கு ஏற்றினபோது எழுந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போனேன். அலமாரியைத் திறந்தேன். புட்டி இருந்தது. கையில் எடுத்தேன்.

எடுத்த பிறகு வைத்துவிட்டேன், மகனே. நீல மருந்து ஏற்றினால் ரிஜிஸ்தரில் எழுத வேண்டும், எதற்கு என்று டாக்டர் கேட்பார், உப்பு எங்கிருந்து வந்தது என்று ஊர் கேட்கும். அப்போது கம்பவுண்டர் மூளையைப் பற்றி என்ன பேசுவார்கள்? இதையெல்லாம் யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. மயிலைக்கு அவ்வளவு நேரம் இல்லை. வேறொரு புட்டியை எடுத்துக்கொண்டு போய், வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கிற எண்ணெயை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினேன். வேலம்மாள் மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'கண்ணத் தொறடீ, அண்ணாச்சி மருந்து குடுக்காக, தொறடீ' என்று அதோடு பேசிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் அதுவும் போயிற்று. வயிற்றுக்குள் இருந்த கன்று கொஞ்ச நேரம் அசைந்தது. அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் டாக்டர் வந்து கேட்டார். 'ஏதோ விஷம் சார், என்னன்னு தெரியல' என்றேன். விஷம் என்று எழுதினார். ஊர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. விஷம் என்றால் வைத்தவன் ஒருவன் இருக்க வேண்டும் அல்லவா? வேலம்மாளின் கொழுந்தன் கணபதி இருந்தான். செத்துப்போன புருஷனின் தம்பி. அவள் மாடுகள் அவன் கடலை வயலில் மேய்வதைப் பற்றி இரண்டு வீட்டுக்கும் சச்சரவு. கொடையன்று நாலு பேர் முன்னால், 'மதினி, ஒங்க மாடு இனி என் வயல்ல வாய வச்சுச்சுன்னா உசுரோட திரும்பாது, சொல்லிட்டேன்' என்று கோபத்தில் சொல்லியிருந்தான். கோபத்தில் யார்தான் சொல்ல மாட்டார்கள்? வேலம்மாள் தலைவிரி கோலமாக அவன் வீட்டு முன்னால் போய், தெருமண்ணை வாரித் தூற்றினாள். 'வாயில்லாச் சீவனக் கொன்ன கை வெளங்குமாலே? நீ நல்லா இருப்பியாலே?' அவன் வெளியே வந்து கும்பிட்டான். 'நான் இல்ல மதினி. எங்கண்ணன் மேல ஆணையா நான் இல்ல.' தெருவே நின்று பார்த்தது. நானும் நின்று பார்த்தேன். என்னைப் பார்த்து அவன், 'அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க, என்ன விஷம்னு பாத்துச் சொல்லுங்க' என்றான். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் விடியுமுன் போய்ப் பள்ளத்தை மண் போட்டு மூடினேன்.

அதற்கப்புறம் அவனுக்கு ஊரில் ஒரு பேர்தான் இருந்தது, மாட்டைக் கொன்னவன். டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். அவன் பெண்டாட்டி பால் வாங்கப் போனால் இல்லை என்றார்கள். இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, இருந்த வயலை விற்றுவிட்டு மாமனார் ஊரான வடகரைக்குப் போய்த் தென்னந்தோப்புக் காவலுக்கு நின்றான். இத்தனைக்கும் நான் அந்தத் தெருவில் தினமும் போய் வந்துகொண்டிருந்தேன், எல்லோரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாயை மூட என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது, சொல்லவில்லை.

வாணம் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு கொடைக்கும் குளத்து நடுவில்தான். மாடு செத்ததற்கும் வாணத்துக்கும் முடிச்சுப் போட ஊரில் யாருக்கும் தோன்றவில்லை, முடிச்சுத் தெரிந்தவன் வாயைத் திறக்கவில்லை. கொடை முடிந்த பத்து நாளுக்கு நான் விடியற்காலையில் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கின காகிதக் குழல்களையும் களிமண் அடைப்பையும் பாதி எரிந்த மருந்தையும் பொறுக்கி, மேட்டில் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தேன். முதல் வருஷம் தோண்டாத குழிக்குப் பதிலாக வருஷா வருஷம் தோண்டினேன். கையில் வந்தது கொஞ்சம்தான். கரைந்து போனதை எப்படிப் பொறுக்குவது? மடை வாயில் குஞ்சு மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி ஒதுங்கும். அந்த வாரம் குளிக்கிறவர்கள் உடம்பைச் சொறிவார்கள், புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். எது எதனால் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, நான் வெறும் கம்பவுண்டர். நீர்க்காக்கைகள் தென்கோடி மரத்துக்கு அடைய வருவது குறைந்து, பிறகு நின்றேபோனது. அதை மட்டும் நன்றாகச் சொல்வேன், தினமும் பார்த்தவன்.

நீ படித்தவன், யோசித்துப் பார். கூரைக்கு மேலே விட்டால் நெருப்பு என்று பயப்படுகிறோம், ஏனென்றால் கூரைக்குச் சொந்தக்காரன் இருக்கிறான், சண்டைக்கு வருவான். குளத்துக்கு மேலே விட்டால் யாரும் வரமாட்டார்கள். எரிந்ததும் எரியாததும் அதில்தான் விழுகிறது, விழுந்தது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது, போய்விட்டது என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தண்ணீரைத்தான் காலையில் மாடு குடிக்கிறது, பெண்கள் துணி அலசுகிறார்கள், மடை திறந்தால் மேலகரத்து வயல் வரைக்கும் போகிறது. மாப்பிள்ளை அழைப்புப் பத்து நிமிஷ வேடிக்கை. அடுத்த நாள் நீங்கள் இருவரும் ரயில் ஏறிவிடுவீர்கள். தண்ணீர் இங்கேயேதான் நிற்கும்.

கணபதி போன பங்குனியில் செத்துப்போனான். நமக்குச் சேதி வந்தது. வேலம்மாள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. நானும் போகவில்லை, போக எனக்கு என்ன முகம்? இனி யாரிடம் சொல்ல வேண்டும், அவனோடு போயிற்று என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிம்மதிகூட வந்தது. அப்போதுதான் உன் கடிதம் வந்தது. முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. 'கொடை முடிஞ்சதும் தெனம் வெள்ளன கொளத்துக்குப் போறது ஒடம்புக்குன்னுல்லா நெனச்சேன்' என்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நேற்று வேலம்மாள் வீட்டுக்குப் போனேன். இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. குரலை வைத்து, 'யாரு, கம்பவுண்டர் அண்ணாச்சியா, மகன் கல்யாணத்துக்கு அழைக்க வந்தியளா' என்று சிரித்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, பள்ளம், ரத்தம், நீல மருந்து. மயிலையைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதையும் சொன்னேன். ஏசுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அப்படி நடந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரைத் தடவிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

'மாடு இன்னைக்கு வரைக்குமா இருக்கப் போவுது அண்ணாச்சி. என்னைக்கோ செத்துத்தான் போயிருக்கும்' என்றாள். 'இங்கேருந்து போறதுக்கு முந்துன நாளு கணபதி இந்த வாசல்ல வந்து நின்னான். மதினி, போயிட்டு வாரேன், ஒரு வாய் தண்ணி தாங்கன்னான். நான் கதவச் சாத்துனேன். அவன் சாவுக்குக்கூட நான் போவல. எங்கிட்ட வந்து சொல்லிட்டிய. அவங்கிட்ட யாரு போய்ச் சொல்லுவா?'

அவளே தொடர்ந்தாள். 'அவன் பொஞ்சாதி இருக்கால்லா. வாங்க, இப்பவே போவோம்.' சொல்லிக்கொண்டே கம்பைத் தேடினாள். உன் அப்பனைப் பார், அப்போதும் என் வாயில் வந்தது இதுதான்: 'மகன் கல்யாணம் முடியட்டும் வேலம்மா, முடிஞ்ச மறுநாளே போவோம்.' அவள் கம்பைத் தேடுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

'அன்னைக்கும் இப்படித்தான் ஏதோ ஒண்ணு முடியட்டும்னு இருந்தியளோ?' என்று கேட்டாள்.

ஆகவே நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் வடகரைக்குப் போகிறோம். உன் மாமனார் வீட்டுச் சொந்தம் பாதிப் பேர் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். நாளைச் சாயங்காலத்துக்குள் அவர்கள் காதுக்குப் போய்விடும், நாலு நாளில் உன் மாமனார் வீட்டுக்கும் எட்டும். ஊர் பேசிக் கேட்பதைவிட நீ சொல்லிக் கேட்பது மேல். இந்தக் கடிதத்தையே அவர்களிடம் படித்துக் காட்டு. சம்பந்தி எப்பேர்ப்பட்டவன் என்று தெரிந்த பிறகும் பெண்ணைத் தந்தார்களானால் அது அவர்கள் பெருந்தன்மை. வேண்டாம் என்றால் அதற்கு நான்தான் காரணம், நீ அவர்களை நொந்துகொள்ளாதே. உன் வாழ்க்கையில் நான் இதைச் செய்திருக்கக் கூடாது. குளத்துக்காக நான் கமிட்டியிடம் கேட்கப் போவதில்லை. நீ நேரில் வந்து கேட்டால் தந்துவிடுவார்கள், அவ்வளவு நல்லவர்கள். அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக வடகரையிலிருந்து திரும்பியதும் அங்கேயும் போய்ச் சொல்வேன்.

கணபதியின் பெண்டாட்டி எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்துவாள். சாத்தட்டும், அது அவள் நியாயம். நான் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து மெல்லிய குரலில் சொல்ல வேண்டிய சேதி இல்லை இது. அவனைத் தெருவில் வைத்துத்தான் கொலைகாரன் ஆக்கினோம். தெருவில் நின்றே சொல்கிறேன், எல்லா வாசலும் கேட்கிற மாதிரி, அந்த மாடுகளைக் கொன்றவன் நான் என்று.

அப்பா